குதிரேமுக்: குரங்கை எண்ணும் முன்பே குத்தகைக்குப் போன மலை

இரண்டு தேதிகளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். குதிரேமுக் மலையில் இரும்புத்தாது வெட்டுவதற்கான குத்தகை தொடங்கியது 1969 ஜூலை. அந்தக் காட்டுப் பகுதியில் சிங்கவால் குரங்கு எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று முறையாக ஒருவர் நடந்து பார்த்துக் கணக்கெடுத்தது 1983-84. நடுவில் பதினான்கு வருஷம். அதற்குள் மலையில் ரோடு வந்தாச்சு, அணை வந்தாச்சு, ஒரு நகரியமே வந்தாச்சு.

சுரங்கம் வரப்போகும் இடத்தில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று ஆய்வு செய்வது இன்றைக்கு ஒரு சட்டச் சடங்கு. எந்தத் திட்ட அறிக்கையைப் பிரித்தாலும் தாவரங்கள், விலங்குகள் என்று ஒரு அத்தியாயம் இருக்கும். அந்த அத்தியாயம் ஏன் தேவைப்பட்டது, அது இல்லாதபோது என்ன நடந்தது, இருக்கும்போதும் அதில் என்ன விடுபடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்தியாவில் குதிரேமுக்கைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் அதையொட்டி வந்த ஆய்வுகளையும் படித்தபோது எடுத்த குறிப்புகளைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

மலையும் தாதுவும்

குதிரேமுக் என்றால் கன்னடத்தில் குதிரை முகம். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் சிகரம் அப்படித்தான் தெரியும். கர்நாடகத்தின் சிக்கமகளூர் மாவட்டம், மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பு. உயரம் ஏறக்குறைய 1,890 மீட்டர். மேற்கே நின்று எட்டிப் பார்த்தால் கடலோரச் சமவெளி. வருஷத்துக்கு ஆறாயிரம், ஏழாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்யும் இடங்கள் உண்டு. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் அளவு புரியும். துங்கா, பத்ரா, நேத்ராவதி ஆகிய மூன்று ஆறுகளும் இந்த மலைப்பகுதியில்தான் பிறக்கின்றன. மடிப்புகளில் சோலை, முகடுகளில் புல்வெளி. நீலகிரி, ஆனைமலை பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானதுதான்.

இங்கே இரும்புத்தாது இருப்பதை 1913லேயே சம்பத் ஐயங்கார் என்ற புவியியலாளர் பதிவு செய்துவிட்டார். ஆனால் உடனே யாரும் வெட்ட வரவில்லை, தாது தரம் குறைவு. நூறு கிலோ பாறையில் நாற்பது கிலோகூட இரும்பு தேறாது. அதை அரைத்து, காந்தத்தால் பிரித்து, செறிவாக்கினால்தான் விற்க முடியும். அதற்கு ஏகப்பட்ட தண்ணீரும் மின்சாரமும் பணமும் வேண்டும்.

பணம் ஈரானிலிருந்து வந்தது. 1975 நவம்பரில் ஒப்பந்தம், 63 கோடி டாலர் கடன். ஷா ஆட்சியின் எண்ணெய்ப் பணம் பெருகிக் கிடந்த காலம் அது. ஈரானின் எஃகு ஆலைகளுக்குக் குதிரேமுக் தாது போக வேண்டும் என்பது திட்டம். 1976 ஏப்ரலில் குதிரேமுக் இரும்புத்தாது நிறுவனம், பொதுத்துறை நிறுவனமாக, தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 75 லட்சம் டன் செறிவூட்டிய தாது என்பது இலக்கு. அரைத்த தாதுவைத் தண்ணீரில் கலந்து கூழாக்கி, 67 கிலோமீட்டர் குழாய் வழியே மலையிலிருந்து மங்களூர்த் துறைமுகத்துக்கு இறக்கினார்கள். மிஞ்சும் கழிவுச் சேற்றைத் தேக்க லக்யா என்ற ஓடையின் குறுக்கே சுமார் நூறு மீட்டர் உயர அணை கட்டினார்கள்.

1979ல் ஈரானில் புரட்சி. ஷா ஓடிப்போனார், கடனும் நின்றது. ஆனால் மலையை ஏற்கனவே உடைத்தாகிவிட்டது. இந்திய அரசு தன் பணத்தைப் போட்டு வேலையை முடித்தது. தாதுவை வாங்க வேறு நாடுகள் தேடப்பட்டன. யாருக்காகத் திட்டம் தொடங்கியதோ அந்த வாங்குபவரே இல்லாமல் போன பிறகும் சுரங்கம் மட்டும் நிற்கவில்லை.

அன்றைய சட்டம் என்ன கேட்டது?

சுருக்கமான பதில்: ஒன்றும் கேட்கவில்லை.

காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972ல் வந்தது. அதன் முதல் அட்டவணையில் சிங்கவால் குரங்கு இருக்கிறது. அதாவது அதைச் சுட்டால் குற்றம். அது வாழும் காட்டைச் சுரங்கத்துக்குக் கொடுக்கும் முன் அங்கே எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கச் சொல்லும் விதி எதுவும் கிடையாது. வனப் பாதுகாப்புச் சட்டம் 1980ல்தான் வந்தது. சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்றானது 1994 ஜனவரி அறிவிக்கைக்குப் பிறகு. குதிரேமுக்கில் கிட்டத்தட்ட 46 சதுர கிலோமீட்டர், அதாவது 4,605 ஹெக்டேர், இவை எல்லாவற்றுக்கும் முன்னாலேயே எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது.

அன்றைக்கு அந்த அதிகாரிகள் காட்டுயிரை வேண்டுமென்றே ஒதுக்கினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கேள்வியே எழாத காலம் அது. கேள்வி கேட்க ஒரு படிவம் வேண்டும், படிவத்தை நிரப்ப ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க ஒரு அறிவியல் வேண்டும். மூன்றும் இல்லை.

எண்ணாத குரங்கு

சிங்கவால் குரங்கைப் பற்றிய அறிவியலே அப்போது எப்படி இருந்தது என்று பாருங்கள். 1970களின் நடுவில் ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் நம் திருநெல்வேலிப் பக்கத்து மலைகளில் இதைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். களக்காடு சரணாலயம் 1976ல் இந்தக் குரங்குக்காகவே அறிவிக்கப்பட்டது. காடுகளில் மொத்தமே நானூறு சொச்சம்தான் மிஞ்சியிருக்கிறது என்பது அவர்கள் வெளியிட்ட மதிப்பீடு. இன்றைக்கு எல்லோரும் சொல்லும் எண்ணிக்கை சில ஆயிரம். நடுவில் குரங்கு பெருகிவிடவில்லை. பார்க்காத காடுகளுக்குப் பிறகு ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். வடக்கே சிர்சி-ஹொன்னாவரம் காடுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட கூட்டங்கள் இருப்பது இந்த நூற்றாண்டில்தான் முறையாகப் பதிவானது. அதைத் தொடர்ந்து 2011ல் அகநாசினி பகுதி பாதுகாப்புக் காடாக அறிவிக்கப்பட்டது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரு அறிக்கையில் "இவ்விலங்கு இங்கு பதிவாகவில்லை" என்று இருந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். இல்லை என்பது ஒன்று, யாரும் பார்க்கவில்லை என்பது இன்னொன்று. அறிக்கை எழுதுகிறவர்களுக்கு இரண்டுக்கும் ஒரே வாக்கியம்தான்!

குதிரேமுக்கில் பார்க்கப் போனவர் உல்லாஸ் காரந்த். பின்னாளில் புலி ஆராய்ச்சியில் உலகப் பெயர் பெற்றவர். 1983-84ல் கர்நாடக அரசின் ஆதரவோடு மாநிலத்தின் மழைக்காடுகளில் சிங்கவால் குரங்கு கணக்கெடுப்பு நடத்தினார். முடிவுகள் 1985ல் வெளியாயின. குதிரேமுக்கைச் சுற்றி, குறிப்பாகச் சுரங்கத்துக்கு மேற்கிலும் தெற்கிலும், இன்னும் அறுபடாத காடு நீண்டு கிடக்கிறது. மலநாட்டில் இந்தக் குரங்கு தொடர்ச்சியாக வாழும் பெரிய பகுதி இதுவாக இருக்கலாம். இதை ஒரு காப்பகமாக்க வேண்டும் என்றார். கன்னடத்தில் சிங்களீக என்று சொல்லப்படும் இந்தக் குரங்கை முன்னால் நிறுத்தினால் அதன் பின்னால் உள்ள மொத்தக் காட்டையும் காப்பாற்றலாம் என்பது அவருடைய வாதம்.

"அறுபடாத" என்ற சொல் இங்கே முக்கியம். சிங்கவால் குரங்கு மரத்தைவிட்டு அதிகம் இறங்காது. பழம், பூச்சி, விதை என்று மரக்கூரையிலேயே பிழைப்பு. மரக்கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான் அதன் ஊர். பெண் குரங்கு முதல் குட்டி போடவே ஐந்தாறு வயதாகும். அடுத்த குட்டிக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் இடைவெளி. இப்படி மெதுவாகப் பெருகும் உயிருக்கு இழந்த எண்ணிக்கையை ஈடுகட்டப் பல தலைமுறை ஆகும். காடு துண்டானால் என்னவாகும் என்பதை வால்பாறை புதுத்தோட்டம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்திருக்கிறேன். தேயிலைக்கு நடுவே சின்னத் துண்டுக் காட்டில் மாட்டிக்கொண்ட கூட்டம் ரோட்டுக்கு இறங்கி வருகிறது, வீட்டுக் கூரையில் ஏறுகிறது. பார்க்க நிறைய இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் அவற்றுக்குப் போக வேறு இடம் இல்லை.

ஆகவே "மொத்தக் காட்டில் சுரங்கம் எத்தனை சதவீதம்?" என்பது இந்தக் குரங்கைப் பொறுத்தவரை தவறான கேள்வி. குழாய்ப் பாதை, ரோடு, மின்கம்பி வரிசை எல்லாம் பரப்பளவில் சின்னவை. ஆனால் அவை எந்த இடத்தில் மரக்கூரையை அறுக்கின்றன என்பதுதான் கணக்கு.

பூங்காவுக்குள் சுரங்கம்

1987ல் சுமார் 600 சதுர கிலோமீட்டர் குதிரேமுக் தேசியப் பூங்காவுக்கான அறிவிப்பு வந்தது. காரந்தின் அறிக்கை அதற்கு அடித்தளம். நடுவில் சுரங்கம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. பூங்காவா சுரங்கமா என்று யாரும் அன்று முடிவு செய்யவில்லை. இரண்டும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

1999 ஜூலையில் முப்பது வருஷக் குத்தகை முடிந்தது. நிறுவனம் நீட்டிப்புக் கேட்டது. தற்காலிக அனுமதிகள் வழங்கப்பட்டன. 2001ல் பூங்காவின் இறுதி அறிவிக்கை வந்தபோது சுரங்க நிலத்தை எல்லையிலிருந்து விலக்கி வரைந்திருந்தார்கள். பூங்காவுக்கு நடுவே ஒரு ஓட்டை, சட்டப்படி அது பூங்கா இல்லை!

வழக்கு அந்த ஆண்டே உச்ச நீதிமன்றம் போனது. மனுதாரர் கே.எம். சின்னப்பா, நாகரஹோளேயில் ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனு கோதவர்மன் வழக்கின் உள்ளே ஒரு இடைமனுவாகத்தான் போனது. அந்தப் பெருவழக்கின் தொடக்கம் நம்ம கூடலூர். நீலகிரி மாவட்டக் கூடலூரில் மரம் வெட்டுவதை எதிர்த்து நிலம்பூர் கோதவர்மன் திருமுல்பாடு 1995ல் போட்ட மனு, 1996 டிசம்பர் உத்தரவுக்குப் பிறகு இந்தியக் காடுகள் அனைத்தையும் பற்றிய வழக்காக விரிந்தது. குதிரேமுக்கும் அதன் கிளைதான்.

2002 அக்டோபர் 30 அன்று தீர்ப்பு. ஏற்கனவே உடைக்கப்பட்ட நிலத்தில், மேலே சிதைந்த நிலையில் இருக்கும் தாதுவை மட்டும், 2005 முடியும் வரை எடுக்கலாம். புதிதாக நிலம் உடைக்கக் கூடாது. வன ஆலோசனைக் குழுவின் பரிந்துரையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2005 டிசம்பர் 31ல் சுரங்கம் நின்றது. ஓடிக்கொண்டிருக்கும் பெரிய பொதுத்துறைச் சுரங்கம் ஒன்று காட்டுக்காக மூடப்பட்டது இந்தியாவில் அபூர்வம்.

ஆறு கொடுத்த சாட்சி

இந்த வரலாற்றில் எனக்கு அதிகம் பிடித்த பகுதி பத்ரா ஆற்றின் வண்டல் அளவீடு. ஜெகதீஷ் கிருஷ்ணசாமியும் உடன் ஆய்வாளர்களும் மழைக்காலத்தில் ஆற்றில் மிதந்து வரும் மண்ணை அளந்து 2006ல் வெளியிட்ட ஆய்வு. நீர்ப்பிடிப்புப் பகுதியில் மிகச் சிறிய பங்கே உள்ள சுரங்க நிலம், ஆற்றில் வந்த வண்டலில் பாதிக்கு மேல் கொடுத்தது என்பது அதன் முடிவு.

இதில் முறைதான் விஷயம். கோடையில் போய் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்தால் பத்ரா கண்ணாடிபோல இருக்கும், அறிக்கையில் "தரம் நெறிமுறைக்குள் உள்ளது" என்று எழுதிவிடலாம். ஜூலையில் ஒரே நாளில் கொட்டும் மழையின்போது கரையில் நிற்க வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. வருஷ வண்டலின் பெரும்பங்கு அந்தச் சில நாட்களில்தான் இறங்கி வருகிறது. கூழாங்கல்லின் அடியில் வாழும் பூச்சிப்புழுக்கள், அவற்றைத் தின்னும் மீன்கள், ஓடைத் தவளைகள் எல்லாவற்றின் மேலும் அந்த மண் படிகிறது.

தவளை என்றதும் இன்னொரு செய்தி. குதிரேமுக்கின் பெயரையே தாங்கிய ஒரு தவளை இனம் உண்டு, ஃபெஜெர்வார்யா குத்ரேமுகென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள் (இப்போது மினெர்வார்யா என்ற பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள்). அது அறிவியல் பெயர் பெற்றதே சுரங்கம் மூடப்பட்ட பிறகுதான். மலையை வெட்டிய காலத்தில் எந்தப் பட்டியலிலும் அது இருந்திருக்க முடியாது, ஏன்னா அதற்குப் பெயரே இல்லை.

இன்றைய படிவம்

சரி, இன்றைக்கு விதி இருக்கிறதே? இருக்கிறது. 2006 அறிவிக்கையின்கீழ் சுரங்கத் திட்டங்களுக்குத் தரப்படும் வழக்கமான ஆய்வு வரம்புகளில், குத்தகை எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவில் உயிரினங்களை ஆராய வேண்டும் என்று உண்டு. முதல் அட்டவணை விலங்குகள் இருந்தால் அவற்றுக்குத் தனிப் பாதுகாப்புத் திட்டம் தர வேண்டும். நல்ல விதிகள்தான்.

ஆனால் அதே வரம்பில் அடிப்படைத் தரவுகளைச் சேகரிக்க ஒரு பருவம் போதும், அதுவும் மழை அல்லாத பருவம், என்றும் இருக்கிறது. காற்றுத் தூசியை அளக்க அது சரி, மழையில் தூசி தெரியாது. ஆனால் தாவரங்களும் விலங்குகளும் அதே வரியில் சேர்ந்திருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் தவளையை மார்ச் மாதம் தேடினால் என்ன கிடைக்கும்? தவளை கத்துவதும், ஆறு மண் சுமப்பதும், காட்டின் பாதி உயிர்கள் வெளியே வருவதும் மழையில். அந்த மாதங்களை விட்டுவிட்டு எழுதும் பட்டியல் எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டாலும் பாதிப் பட்டியல்தான்.

நேர்மையும் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. ஆய்வு செய்யும் ஆலோசகரை அமர்த்திச் சம்பளம் கொடுப்பது திட்டத்தை முன்வைக்கும் நிறுவனம். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதப்பட்ட அறிக்கையில், ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பத்திகள் அப்படியே வந்திருந்தது பின்னர் அம்பலமானது. கொங்கண் கடற்கரையில் பனிநாட்டு ஊசியிலைக் காடு!

எண்ணப்படாத மனிதர்கள்

குதிரேமுக்கை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடித்தால் அது அரைக் கதை. சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஊழியர்களின் நகரியம் காலியானது. அதைவிடச் சிக்கலானது பூங்கா எல்லைக்குள் தலைமுறைகளாக வாழ்ந்த மலேகுடியா மக்கள், சிறு விவசாயிகள் ஆகியோரின் நிலை. பூங்கா இறுதியானதும் நம்மை வெளியேற்றுவார்கள் என்ற பயம் பரவியது. எதிர்ப்புகள் நடந்தன. அந்தக் கசப்பிலிருந்துதான் மலநாட்டில் நக்சல் இயக்கம் ஆள் சேர்த்தது. துப்பாக்கிச் சூடும் சாவும் நடந்தன. பெரிய சுரங்கம் முப்பது வருஷம் வெட்டலாம், நாங்கள் தேன் எடுத்தால் குற்றமா என்று கேட்டவர்களுக்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை. குரங்கைத் தேடிக் காட்டுக்குள் போகும் எந்த ஆய்வாளருக்கும் வழிகாட்டுவது பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களே. கூட்டம் எந்த மரத்தில் காலையில் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவு அறிக்கையில் ஒரு அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

பட்டியல் முதலில், ஏலம் பிறகு

மதுரை அரிட்டாபட்டியில் வரிசை வேறு மாதிரி அமைந்தது. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஏறத்தாழ 250 பறவை இனங்கள், லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, பொனெல்லி கழுகு, எறும்புத்தின்னி, தேவாங்கு எல்லாம் அப்போதே பதிவில் இருந்தன. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவு வந்தபோது ஊர்க்காரர்களின் கையில் அந்தப் பட்டியல் தயாராக இருந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானதற்கு முதல் காரணம் மக்கள் திரண்டதுதான், சட்டமன்றத் தீர்மானமும் சேர்ந்தது. ஆனால் "அங்கே என்ன பெரிதாக இருக்கிறது?" என்ற கேள்விக்கு அவர்கள் பதில் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. குதிரேமுக்கில் 1969ல் அப்படி ஒரு தாள் இல்லை.

உங்கள் ஊர்ப் பக்கம் சுரங்கமோ குவாரியோ வருகிறது என்றால், பொது விசாரணை நடத்தவேண்டிய திட்டங்களுக்கு முப்பது நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். வாங்கிப் படியுங்கள். விலங்குகள் அத்தியாயத்தில் நான் முதலில் தேடுவது இவற்றைத்தான்: எந்த மாதத்தில் பார்த்தார்கள்? எத்தனை நாள்? இரவில் போனார்களா? எந்த உயிரை நேரில் பார்த்தார்கள், எதைப் பழைய புத்தகத்திலிருந்து எடுத்தார்கள்? உள்ளூரில் யாரிடம் கேட்டார்கள்? புல்வெளியைத் தரிசு என்று எழுதியிருக்கிறார்களா? ஓடை எங்கே போய்ச் சேர்கிறது என்ற வரைபடம் இருக்கிறதா?

இதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. அறிக்கையில் இல்லாத ஒரு பறவையை உங்கள் கண்மாயில் பார்த்திருந்தால், தேதியும் இடமும் போட்டு எழுதி வைத்து, விசாரணையில் எழுத்துமூலம் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்க மறக்காதீர்கள்.